வாய்க்கா கரையில சைக்கிள்: பவானி, ஈரோடு, கொடுமுடி பக்கம் மிதிக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஞாயித்துக்கெழமை காலையில காலிங்கராயன் வாய்க்கா கரையில சைக்கிள் மிதிக்கறோம்னு சொன்னாப் போதும், கோயமுத்தூர்க்காரங்க, திருப்பூர்க்காரங்க, லீவுக்கு ஊருக்கு வர்ற பெங்களூர்ப் பசங்கன்னு எல்லாரும் ஒரே மாதிரி கேள்வியத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் அடிச்சு அனுப்பறதுக்கு பதிலா ஒட்டுக்கா எழுதி வெச்சாச்சு. பெருசாத்தான் இருக்கும், வேணுங்கறத மட்டும் படிச்சுக்கங்க.

சைக்கிள்னா ரோட்டுல ஓட்டுனா ஆகாதுங்களா, எதுக்கு வாய்க்கா கரை?

ஆகும், தாராளமா ஓட்டுங்க. ஆனா ஈரோட்டுல இருந்து கரூர் ரோட்டுல காலையில எட்டு மணிக்கு ஒருக்கா போயிப் பாருங்க, கரும்பு லோடு டிராக்டர் ஒருபக்கம், காலேஜ் பஸ் ஒருபக்கம், பின்னாடி வர்றவன் ஹாரன்ல கைய வெச்சான்னா எடுக்கவே மாட்டான், நாமளும் வெள்ளைக் கோட்டுக்கு அக்கட்ட மண்ணுல எறங்கி எறங்கி ஏறிட்டே போகணும். அந்த ரோட்டை விட்டு ஆத்துப் பக்கமா கொஞ்சம் உள்ள போனீங்கன்னா வாய்க்கா கரை வந்துரும். அங்க தென்னை, வாழை, மஞ்சக் காடு, தண்ணி ஓடற சத்தம், எப்பவாச்சும் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி. மிதிக்கறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

அங்க மேடே இருக்காதுன்னு சொல்றாங்களே, நெசமாவா?

கிட்டத்தட்ட நெசம். காரணம் ரொம்ப சிம்பிள். வாய்க்கால் வெட்டுனவங்க நோக்கமே தண்ணியோட உசரத்தை முடிஞ்ச வரைக்கும் எழக்காம கூட்டிட்டுப் போறதுதான். ஆறு பாட்டுக்கு அது வேகத்துல எறங்கிட்டே போகும், வாய்க்கா அத விட மெதுவா எறங்கும், அதனால போகப் போக வாய்க்கா மேல நிக்கும் ஆறு கீழ போயிரும், அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நெலம் முச்சூடும் மடை தெறந்தா தானா பாயும். பெரிய மண் வாய்க்கால்னா பொதுவா ஐயாயிரம் அடி போனா ஒரு அடி எறங்குற மாதிரி வாட்டம் வெப்பாங்க. அந்த வாட்டம் உங்க காலுக்குத் தெரியவே தெரியாது.

அதே காரணத்துக்காகத்தான் வாய்க்கா நேரா போகாம வளைஞ்சு வளைஞ்சு போகுது. மேக்கால இருந்து ஒரு பள்ளம் வந்தா அத சுத்திட்டுப் போகணும், ஒரு மேடு குறுக்க வந்தா அதுக்குக் கீழால ஒதுங்கிப் போகணும். பவானியில இருந்து ஈரோடு வழியா கொடுமுடிக்கு ரோட்டுல போனா அம்பது அம்பத்தஞ்சு கிலோமீட்டர்தான், காலிங்கராயன் வாய்க்கா நீளம் 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர். பாம்பு போன தடத்தைப் பாத்து வெட்டுனாங்கன்னு எங்க பக்கம் கதை சொல்லுவாங்க. பாம்போ என்னமோ, லெவல் எடுக்கற கருவி இல்லாத காலத்துல இந்த மட்டத்தைப் புடிச்சிருக்காங்களே அதுதான் ஆச்சரியம்.

ஏறற மாதிரி வர்றது பாலத்துக்கு ஏத்தம், ஷட்டருக்குப் பக்கத்துல கரை ஒசந்த எடம், அவ்வளவுதான். ஆனா காத்து இருக்குதுங்க. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து மேக்க பாத்துப் போறவங்களுக்கு மொகத்துலயே அடிக்கும். காங்கேயம், பல்லடம், உடுமலைப் பக்கம் வாய்க்கா கரையில போறவங்க அந்த ரெண்டு மாசம் காலையில மேக்க போயிட்டு, வர்றப்ப காத்துல மெதந்து வர்ற மாதிரி பிளான் போட்டுக்கங்க.

யாருங்க இந்த காலிங்கராயன்?

பாண்டியர் காலத்துல கொங்குல அதிகாரத்துல இருந்த தலைவர். பவானி ஆறு காவிரியில கலக்கறதுக்கு சித்த முன்னாடி குறுக்க ஒரு அணை கட்டி, அங்கிருந்து வாய்க்கா வெட்டி நொய்யல்கிட்ட ஆவுடையார்பாறை வரைக்கும் கொண்டுபோனாரு. 1271ல ஆரம்பிச்சு பன்னெண்டு வருஷம் வேலை நடந்துச்சுன்னு சொல்லுவாங்க. இன்னைக்கும் 15,743 ஏக்கர் அதுல பாயுது. பழைய காலத்துப் பெருமைன்னு போர்டு வெச்சுட்டு நிக்கற சங்கதி இல்ல, இன்னைக்குக் காலையிலயும் யாரோ ஒருத்தர் மம்பட்டியோட மடை திருப்பிட்டு இருப்பாரு.

தன் சொந்த லாபத்துக்கு வெட்டுனாருன்னு பேச்சு வந்துரக் கூடாதுன்னு குடும்பத்தோட இந்த ஊரை விட்டே பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போயிட்டாருன்னு ஒரு வழக்கு உண்டு. தை மாசம் அஞ்சாம் தேதிய விவசாயிங்க காலிங்கராயன் தினமா கொண்டாடறாங்க, அணைக்கட்டுப் பக்கம் அன்னைக்குக் கூட்டமா இருக்கும்.

ஃபிரான்ஸ்ல கனால் து மிடின்னு ஒரு வாய்க்கா இருக்கு, துலூஸ்ல இருந்து கடல் வரைக்கும் 240 கிலோமீட்டர், அதோட கரையில சைக்கிள் விடறதுக்குன்னே உலகம் பூரா இருந்து வர்றாங்க. அது தெறந்தது 1681ல. நம்மளது அதுக்கு நானூறு வருஷம் மூத்தது. நம்ம ஆளுங்களுக்கு இத சொன்னா அப்படிங்களான்னு கேட்டுட்டு தேங்கா வெலை என்னன்னு பேச ஆரம்பிச்சுருவாங்க.

வாய்க்கா கரையில போக விடுவாங்களா? பர்மிசன் வேணுமா?

கரை நீர்வளத்துறையோடது, முன்ன பொதுப்பணித்துறைன்னு சொல்லிட்டு இருந்தது. வாய்க்காலப் பாத்துக்கறதுக்கு லஸ்கர், அதாவது வாய்க்கா காவக்காரர், போறதுக்கும் ஜீப் போறதுக்கும் போட்ட தடம் அது. ஊர் சனம் தோட்டத்துக்குப் போற வழியும் அதுதான், அதனால சைக்கிள்ல போறவங்கள யாரும் நிறுத்தறதில்ல. அணைக்கட்டு மேல, ஷட்டர் ரூம்கிட்ட, ஆத்துல கதவு போட்டு தண்ணிய நிறுத்தி கரண்ட் எடுக்கற கதவணை ஆபீஸ் பக்கம் எல்லாம் கேட் போட்டிருந்தா தாண்டாதீங்க. கேட் தெறந்திருந்தாலும் கேட்டுட்டுப் போங்க.

சில எடத்துல கரை ஒருத்தர் தோட்டத்து வாசல் மாதிரியே ஆயிருக்கும், கட்டுத்தரை, வைக்கப்போர், கயித்துக் கட்டில் எல்லாம் கரை மேலயே இருக்கும். அங்க எறங்கித் தள்ளிட்டுப் போங்க. யாராச்சும் "ஏனுங்க, எந்தூரு, எங்க போறீங்க"ன்னு கேட்டா அது வெசாரணை இல்ல, எங்கூருப் பழக்கம். நின்னு பதில் சொன்னீங்கன்னா மோர் கெடைக்கறதுக்கும் வாய்ப்பு இருக்கு, காதுல இயர்போன் மாட்டிட்டு வெடுக்குனு போனீங்கன்னா அடுத்து வர்ற குரூப்புக்குத்தான் கெட்ட பேரு.

வண்டியே வராதுன்னு உறுதியா சொல்ல முடியுமா?

முடியாது. கார், லாரி, பஸ் வராது, அது உறுதின்னு வெச்சுக்கலாம், ஊருக்குள்ள நொழையற எடத்தைத் தவிர. பைக் வரும். டிராக்டர் வரும், அறுவடை சமயத்துல எச்சாவே வரும், கரை அகலம் அதுக்கே சரியா இருக்கும் அதனால நீங்கதான் ஒதுங்கணும், ஒதுங்கறது தோட்டத்துப் பக்கம், தண்ணிப் பக்கம் வேண்டாம். ஆடு மாடு ஓட்டிட்டு வர்றவங்கள மணி அடிச்சு மெரட்டாதீங்க, எருமை ஒன்னு மெரண்டு தண்ணியில குதிச்சா பொழுதோட வரைக்கும் நீங்க அங்கதான் நிக்கணும்.

முழுசா வண்டியே இல்லாம வேணும்னா கோயமுத்தூர் உக்கடம் பெரியகுளத்துக் கரையில போட்டிருக்கற தடத்துல சுத்துங்க, கொழந்தைக்குச் சைக்கிள் பழக்கறதுக்கு அது நல்ல எடம். ஆனா அது குளம், சுத்திட்டு வந்த எடத்துக்கே வந்துருவீங்க.

எந்தெந்த வாய்க்கா சைக்கிளுக்கு நல்லா இருக்கும்?

காலிங்கராயன்தான் எனக்கு மொதல். வெண்டிபாளையம் தாண்டித் தெக்கால போனா பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி வரைக்கும் ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் வாய்க்கா, நடுவுல வாழையும் கரும்பும் மஞ்சளும். நெழல் உண்டு. தண்ணி பக்கத்துலயே ஓடறதால வெயில் ஏறுனாலும் ஒரு மணி நேரம் எச்சா தாங்கும்.

கீழ்பவானி வாய்க்கா வேற மாதிரி. பவானிசாகர்ல இருந்து கெளம்பி கோபி, கவுந்தப்பாடி, பெருந்துறை, அரச்சலூர்ப் பக்கமெல்லாம் போயி கரூர் மாவட்டத்துல முடியுது, மொத்தம் 200 கிலோமீட்டர், பாசனம் 2,07,000 ஏக்கர், அத ரெண்டாப் பிரிச்சு ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கர்னு மாத்தி மாத்தி தண்ணி விடுவாங்க. அணை வேலை 1948ல தொடங்கி 1955ல முடிஞ்சுது, சுதந்திரத்துக்கப்பறம் கட்டுன பெரிய திட்டங்கள்ல மொத வரிசை. இந்த வாய்க்கா ஆத்தை விட்டு ரொம்ப மேல மேட்டுக் காட்டுல போகுது, கரை அகலம், வாய்க்காலும் ஆறு மாதிரி அகலம், ஆனா நெழல் கம்மி. நீளமா ஒரே மூச்சுல மிதிக்கணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு இது. அரச்சலூர்ப் பக்கம் போனா நாகமலையில தமிழ்ப் பிராமியில வெட்டுன இசைக் கல்வெட்டு இருக்கு, கிட்டத்துலயே ஓடாநிலை, தீரன் சின்னமலை கோட்டை கட்டி இருந்த ஊரு, 1805ல அவர சங்ககிரியில தூக்குல போட்டாங்க. ஓடாநிலையில மணிமண்டபம் இருக்கு.

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை ரெண்டும் கொடிவேரி அணையில இருந்து பிரியற வாய்க்கா, ரெண்டுக்கும் சேத்து 24,504 ஏக்கர். கோபி நெல்லு வயல்னு சினிமாவுல பாக்கறீங்களே அதுக்குத் தண்ணி தர்றது தடப்பள்ளிதான். நடவு முடிஞ்சு ஒரு மாசத்துல போனீங்கன்னா கண்ணு ரெண்டும் பச்சையாயிரும். கொடிவேரியில ஞாயித்துக்கெழமை கூட்டம் அள்ளும், அதனால அணைய ஆரம்பமா வெச்சு விடியறதுக்குள்ள கெளம்பிருங்க.

காவிரிக்கு அக்கரையில, நாமக்கல் பக்கம், ஜேடர்பாளையம் தடுப்பணையில இருந்து ராஜா வாய்க்கா பிரியுது, அல்லாள இளைய நாயகர் வெட்டுனதுன்னு சொல்லுவாங்க. பரமத்தி வேலூர் வரைக்கும் வெத்தலைக் கொடிக்காலும் வாழையும்தான். கொடிக்காலுக்குள்ள நெழல் எப்பவும் ஈரமா குளுந்து கெடக்கும், வெளிய நாப்பது டிகிரி இருந்தாலும் கரையில போறப்ப ஒரு காத்து வரும் பாருங்க. கொஞ்சம் பேருக்குத்தான் இந்த ரூட் தெரியும், கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்னு தோணுது, எழுதியும் வெச்சுட்டேன்.

பிஏபி, அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து வாய்க்கா, உடுமலை, பல்லடம் பக்கம். நாலு மண்டலமாப் பிரிச்சு தண்ணி விடறதால பாதி நேரம் நீங்க போற எடம் காஞ்சு கெடக்கும். எனக்கு அது மேல பெருசா இஷ்டம் இல்ல.

பழைய பாலம் பாக்கணும்னு வர்றோம், எங்கெங்க இருக்கு?

பவானிக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவுல காவிரி மேல வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பாலம் ஒன்னு இருக்கு, பக்கத்துலயே புதுசு வந்துட்டதால பெரிய வண்டி எல்லாம் அதுல போறதில்ல. காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி அதுல நின்னு தெக்கால பாத்தா பவானியும் காவிரியும் சேர்ற கூடுதுறையும் சங்கமேஸ்வரர் கோயில் கோபுரமும் தெரியும். கோயிலுக்கு உள்ள போனா தந்தக் கட்டில் பத்தி சொல்லுவாங்க, வில்லியம் காரோன்னு ஒரு கலெக்டர் 1804ல குடுத்தது, மழையில பங்களா இடியறதுக்கு முன்ன அம்மன் கொழந்தை ரூபத்துல வந்து எழுப்பி வெளிய கூட்டிட்டு வந்துச்சுன்னு அதுக்கு ஒரு கதை.

ஈரோட்டுல கருங்கல்பாளையத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவுல பழைய பாலமும் புதுப் பாலமும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும். இங்க டிராபிக் உண்டு, அதுவும் வியாழக்கெழமை மாட்டுச்சந்தை அன்னைக்கு செக்போஸ்ட் பக்கமே தலை வெக்காதீங்க, லாரி முழுக்க மாடு. மத்த நாள்ல வெள்ளனே தாண்டிரலாம். கருங்கல்பாளையத்துல ஒரு நூலகம் இருக்கு, 1921ல பாரதியார் வந்து மனிதனுக்கு மரணமில்லைன்னு பேசுனது அங்கதான், அந்தப் பேச்சுக்கப்பறம் ரெண்டு மாசம் கூட அவர் உசுரோட இல்ல. வாய்க்கால்ல இருந்து மிதிக்கற தூரம்தான், பாலம் பாக்க வந்தவங்க அதையும் பாத்துட்டுப் போங்க.

அங்கிருந்து கீழ்ப்பக்கமா ரயில் பாலம். 1862லயே மெட்ராஸ் ரயில் போத்தனூர் வரைக்கும் வந்துருச்சு, அதுக்குக் காவிரிய இந்த எடத்துல தாண்ட வேண்டியிருந்துச்சு. அந்தக் காலத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் மெட்ராஸ், சேலத்துல இருந்து கோயமுத்தூர், கேரளா போற வண்டி முக்காவாசி இங்கதான் காவிரியத் தாண்டுது. அது மேல சைக்கிளும் போகக் கூடாது மனுசனும் போகக் கூடாது, சொல்ல வேண்டியதே இல்ல, ஆனா செல்ஃபிக்கு ஏறற ஆளுங்க இருக்கறதால சொல்றேன். கரையில இருந்தே நல்லாத் தெரியும்.

அப்பறம் கதவணைங்க. இத பாலம்னு யாரும் கணக்குல எடுக்கறதில்ல. மேட்டூருக்குக் கீழ காவிரியில கரண்டுக்காக வரிசையா கட்டியிருக்காங்க, செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, ஒவ்வொன்னும் 30 மெகாவாட். கதவு போட்டு தண்ணிய நிறுத்தறதால ஆறு அங்க ஏரி மாதிரி அசையாம கெடக்கும். நெரிஞ்சிப்பேட்டையில கதவணை ரோடு தெறந்திருந்தா அதுல தாண்டலாம், வேலை நடந்து மூடியிருந்தா படகு இருக்கு, அக்கரையில பூலாம்பட்டி. சைக்கிளோட படகுல போறது தனி சொகம், நான் படகுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

வாய்க்கா மேல இருக்கற சின்னப் பாலங்களப் பத்தி யாரும் கேக்கறதே இல்ல. தோட்டத்துக்கு மாட்டு வண்டி போறதுக்குன்னு கட்டுனது, கைப்புடிச் சுவர் முட்டி உசரம்தான் இருக்கும், அதுல ரெண்டு பெரியவங்க எப்பவும் உக்காந்திருப்பாங்க. கீழ்பவானியில போறவங்க தொட்டிப்பாலத்தைத் தேடிப் பாருங்க, பள்ளத்துக்கு மேல வாய்க்காலே பாலமா மாறி தண்ணி தாண்டிப் போகும், கீழ காட்டுத்தண்ணி அது பாட்டுக்கு ஓடும். ஒன்னுக்கொன்னு கலக்காம ரெண்டு தண்ணி மேலயும் கீழயும் போறதை நின்னு பாக்காம யாரும் வர மாட்டீங்க.

ஈரோட்டுக்குள்ள வாய்க்கா நாறுதுன்னு சொல்றாங்களே?

உண்மைதாங்க, மறைக்கறதுக்கு ஒன்னுமில்ல. அக்ரகாரம், வைராபாளையம், கருங்கல்பாளையம் பக்கமெல்லாம் தோல் பட்டறையும் சாயப் பட்டறையும் வாய்க்கா ஓரத்துலயே வளந்துச்சு. கழிவுத் தண்ணி வாய்க்கால்ல கலக்காம இருக்க பக்கத்துலயே பேபி வாய்க்கால்னு ஒன்னு கட்டுனாங்க, அதுக்கப்பறம் முன்ன மாதிரி இல்ல, ஆனா சுத்தமாயிருச்சுன்னு சொன்னா பொய். சில நாள் மூக்கப் புடிச்சுட்டுத்தான் மிதிக்கணும். டவுன் பகுதிய விட்டுட்டு வெண்டிபாளையத்துல இருந்து ஆரம்பிக்கறவங்கதான் எச்சு. எனக்கென்னமோ ஒருக்காவாச்சும் அந்தப் பகுதியையும் பாத்துட்டுப் போகணும்னுதான் தோணும். எழுநூறு வருஷம் தெளிவா ஓடுன தண்ணிய நம்ம தலைமுறை அம்பது வருஷத்துல என்ன பண்ணுச்சுன்னு பாக்காம கொடுமுடிப் பக்கம் மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போறது சரியா படல.

எந்த மாசம் வரலாம்?

தீவாளி மழை ஓஞ்சதுக்கப்பறம் மாசி வரைக்கும். மார்கழியில காலையில பனி எறங்கும், ஆறு மணிக்கு எதிர்க்க வர்ற ஆளு தெரியாது, லைட் வேணும். தை மாசியில மஞ்சள் வெட்டி வேகவெப்பாங்க, கரை முச்சூடும் அந்த வாசந்தான். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்சுது, அது எப்படி இருக்கும்னு மூக்குலயே தெரிஞ்சுக்கலாம்.

காலிங்கராயன்ல வருஷத்துல பத்து மாசம் கிட்ட தண்ணி ஓடும், கோடையில நிறுத்தி தூர் வாருவாங்க, அப்ப கரையில ஜேசிபி நிக்கும், மண்ணக் கொட்டி வெச்சிருப்பாங்க. கீழ்பவானியில ஆகஸ்ட் 15 வாக்குல நெல்லுக்குத் தெறப்பாங்க, அப்பறம் நிறுத்திட்டு தை மாசம் மறுபடியும் கடலைக்கும் எள்ளுக்கும். அணையில தண்ணி இருக்கறதப் பொறுத்து தேதி மாறும், பேப்பர்ல வரும், பாத்துக்கங்க. தண்ணி இல்லாத வாய்க்கா கரையில போறது சமையல் இல்லாத வீட்டுக்கு விருந்துக்குப் போற மாதிரி.

ஐப்பசியில வேண்டாம். கரிசல் மண்ணு வர்ற எடத்துல சேறு டயர்ல ஒட்டி மட்கார்டுக்குள்ள அடைச்சு சக்கரமே சுத்தாது, சைக்கிளத் தோள்ல தூக்கிட்டு வர வேண்டி வரும். சித்திரை வைகாசி வெயில் 40 டிகிரி தாண்டும், ஒம்பது மணிக்குள்ள முடிச்சுருங்க.

ஆடி ஆவணியில கர்நாடகா அணையெல்லாம் ரொம்பி மேட்டூரும் ரொம்புனா காவிரிக் கரையே வேற மாதிரி ஆயிரும். 2018லயும் 2022லயும் மேட்டூர்ல இருந்து ரெண்டு லட்சம் கனஅடி கிட்ட வந்தப்ப பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் கரையோர வீட்டுக்குள்ள எல்லாம் தண்ணி. அந்த நாள்ல வேடிக்கை பாக்கக் கூட ஆத்தோரம் போகாதீங்க.

எந்த சைக்கிள் வேணும், கியர் வண்டியா?

மேடே இல்லாத எடத்துக்குக் கியர் எதுக்கு. பதினொன்னாம் வகுப்புல கவர்மெண்டுல குடுத்தாங்களே அந்த சைக்கிள் வீட்டுல இருந்தா செயினுக்கு எண்ணெய் விட்டு எடுத்துட்டு வாங்க, போதும். டயர்தான் முக்கியம். ரேஸ் சைக்கிள்னு மெல்லிசு டயர் போட்டது இந்த மண்ணுக்கும் கூழாங்கல்லுக்கும் ஆகாது. 35 எம்எம்முக்கு மேல அகலம் இருந்தா கை வலிக்காது. காத்து கல்லு மாதிரி அடிக்காம சித்த கொறச்சு வெச்சீங்கன்னா இன்னும் சொகம். கேரியர் இருந்தா நல்லது, வர்றப்ப யாராச்சும் வாழத்தாரு குடுத்தா வெக்கறதுக்கு.

பஞ்சர் ஆனா?

ஆகும். சீமைக்கருவேல முள்ளு இருக்கற வரைக்கும் ஆகும். கரையில பஞ்சர் கடை கெடையாது, ஒரு ஸ்பேர் டியூப், கைப்பம்பு, டயர் கழட்டற லீவர் ரெண்டு வெச்சுக்கங்க. முள்ளு வெட்டிப் போட்டிருக்கற எடம் வந்தா எறங்கித் தூக்கிட்டுப் போங்க. ஊருக்குள்ள போனா டூவீலர் கடையில ஒட்டிக் குடுப்பாங்க.

நாய் தொரத்துமா? பாம்பு?

தோட்டத்து நாய் தொரத்தும். வேகமா மிதிச்சா இன்னும் தொரத்தும், எறங்கி சைக்கிள நடுவுல வெச்சுட்டு மெதுவா நடங்க, அதோட எல்லை முடிஞ்சா திரும்பிரும். வீட்டுக்காரங்க இருந்தா ஒரு அதட்டுல நின்னுரும். பாம்பு உண்டு, வாய்க்காலும் வயலும் எலியும் இருக்கற எடத்துல இல்லாம எங்க இருக்கும். இருட்டுல போகாதீங்க, புல்லு மண்டுன எடத்துல கால வெக்காதீங்க, அது பாட்டுக்குப் போயிரும். மயில் வேற, திடீர்னு குறுக்க பறக்கும், அதுக்குப் பயந்து விழுந்தவங்கதான் நெறைய.

கொழந்தைங்கள கூட்டிட்டு வரலாமா?

பத்து வயசுக்கு மேல, நேரா ஓட்டத் தெரிஞ்ச பசங்கன்னா வரலாம். கரைக்கும் தண்ணிக்கும் நடுவுல தடுப்பு எதுவுமே இல்ல, அத மனசுல வெச்சுக்கங்க. அவங்கள தோட்டத்துப் பக்கமா ஓட்ட விட்டுட்டு நீங்க தண்ணிப் பக்கமா வாங்க. தண்ணி நிறுத்துன மாசத்துல போனாலும் சரிதான்.

பொண்ணுங்க தனியா போலாமா?

பகல்ல, வேலை நடக்கற தோட்டத்துப் பக்கம், ரெண்டு மூணு பேரா போறவங்க நெறைய இருக்காங்க. டவுனை ஒட்டுன பகுதியில குடிகாரங்க உக்காந்திருக்கற எடம் ஒன்னு ரெண்டு உண்டு, பாலத்துக்கு அடியில, மூடிக் கெடக்கற பம்பு ரூம்கிட்ட. அங்க மட்டும் கூட்டமா தாண்டிருங்க. கிராமத்துப் பக்கம் பெருசா தொந்தரவு இல்ல, கேள்விதான் ஜாஸ்தி வரும், கல்யாணம் ஆயிருச்சா கண்ணு, எத்தன கொழந்தைன்னு.

தண்ணிய பாத்தா குளிக்கத் தோணுதே?

தோணும். கீழ்பவானியில எறங்கவே எறங்காதீங்க, தண்ணி மேல அமைதியாத் தெரியும், அடியில இழுப்பு வேற, காங்கிரீட் போட்ட எடத்துல பாசி புடிச்சு வழுக்கும், ஏறறதுக்குப் புடி கெடைக்காது. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே போயிருக்காங்க. ஊர்க்காரங்க குளிக்கற படித்துறை இருக்கற எடத்துல, அவங்க குளிக்கறப்ப, அவங்ககிட்ட கேட்டுட்டு எறங்குனா சரி. காவிரியில கதவணைக்குக் கீழ நிக்காதீங்க, கதவு எப்ப தெறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

கரையில கடை இல்ல. தண்ணி ரெண்டு பாட்டில், கடலை முட்டாய், வாழப்பழம் வெச்சுக்கங்க. பாசூர், ஊஞ்சலூர்ல எறங்குனா இட்லிக் கடை இருக்கும். கம்மங்கூழ் எங்க பாத்தாலும் குடிங்க. எளநி தோட்டத்துலயே கேட்டா வெட்டித் தருவாங்க, காசு வேண்டாம்பாங்க, குடுத்துட்டு வாங்க. கீழ்பவானிப் பக்கம் போறவங்க கவுந்தப்பாடியில நாட்டுச் சக்கரை வாங்குங்க, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற சக்கரை அது. அசைவம்னா பள்ளிபாளையத்துக்குத் தாண்டிப் போயி பள்ளிபாளையம் சிக்கன், வரமொளகாயும் தேங்காப் பல்லும் போட்டது, அத அந்த ஊருல சாப்புட்டாத்தான் அது.

வெளிநாட்டுல மாதிரி இங்கயும் சைக்கிள் தடம்னு தார் போட்டா என்ன?

இது அடிக்கடி வர்ற கேள்வி, என் பதில் வேண்டாங்கறதுதான். தார் போட்ட மக்கா நாளே கார் வரும், அதுக்கடுத்த வருஷம் பிளாட் போட்டு வித்துருவாங்க, அப்பறம் நீங்க சைக்கிள் விட வேற வாய்க்கா தேடணும். மண் கரையா இருக்கறதுதான் இத்தன நாள் காப்பாத்தியிருக்கு. கீழ்பவானிக்குக் காங்கிரீட் போடறதுக்கே விவசாயிங்க ரெண்டு பக்கமா நின்னு சண்டை போட்டாங்க, கசிவுத் தண்ணி போனா கெணறு வத்திரும்னு ஒரு பக்கம், கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு ஒரு பக்கம், ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்கு. அவங்களுக்கு அது சோறு, நமக்கு ஞாயித்துக்கெழமை. வேணும்னா ரெண்டு எடத்துல வழிகாட்டி போர்டு, முள்ள வெட்டி ஓரமாப் போடறது, பழைய பாலத்துல வண்டி விடாம சைக்கிளுக்கும் நடக்கறவங்களுக்கும் விட்டுடறது, அது போதும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு, எப்படிப் போலாம்?

ராத்திரியே ஈரோடு வந்து தங்கிருங்க. விடிய அஞ்சரைக்கு வெண்டிபாளையத்துல வாய்க்கா கரை ஏறுங்க, ஆறரை ஏழு வரைக்கும் நிக்காம மிதிங்க, அப்பத்தான் வெயில் வர்றதுக்குள்ள பாதி முடியும். பாசூர்ல டிபன். அங்கிருந்து ஊஞ்சலூர் வழியா கொடுமுடி. ரோட்டுக் கணக்குல நாப்பது கிலோமீட்டருக்குள்ளன்னு நெனைக்காதீங்க, வாய்க்கா வளைவு எல்லாம் சேந்தா நெறைய எச்சா வரும், முடியலைன்னா நடுவுல எங்க வேணாலும் ரோட்டுக்கு ஏறிக்கலாம். கொடுமுடியில மகுடேஸ்வரர் கோயில், கே.பி.சுந்தராம்பாள் பொறந்த ஊரும் இதுதான். அது வரைக்கும் தெக்க பாத்து வந்த காவிரி இங்கதான் கெழக்க திரும்புது, படித்துறையில நின்னா அந்தத் திருப்பம் நல்லாத் தெரியும். தெம்பு இருந்தா இன்னும் தெக்கால புகளூர் ஆறுநாட்டார் மலைக்குப் போங்க, சேர ராசாக்க பேரு வெட்டுன தமிழ்ப் பிராமி கல்வெட்டு இருக்கு, மலை மேல இருந்து பாத்தா ஆறும் வாழைத்தோட்டமும் தெரியும்.

திரும்பறதுக்கு ஈரோடு கரூர் ரயில் பாதை ஆத்தை ஒட்டியே வருது, பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி, புகளூர் எல்லாமே ஸ்டேசன். மடக்கற சைக்கிளா இருந்தா பையில போட்டு ஏறிக்கலாம், முழு சைக்கிள்னா லக்கேஜ் புக் பண்ணணும், சின்ன ஸ்டேசன்ல அது நடக்காது, அதனால ஒரு ஆளு குட்டி யானை புடிச்சு எல்லா சைக்கிளையும் ஏத்திட்டு வந்துருங்க, நாலஞ்சு பேரா பிரிச்சா பெருசா ஆகாது. பாசஞ்சர் வண்டி நேரத்தை முன்னாடி நாளே பாத்து வெச்சுக்கங்க, ஒரு வண்டிய விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் உக்காந்திருக்கணும்.